திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்

மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்த காலம். மாதம் ஒருமுறை தேயிலை ஸ்டோர் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் படப் பேச்சு வந்தது. "அந்த நடிகரு எடக்கைக்காரருங்கய்யா. எடக்கையாலேயே பத்துப் பேர வெட்டிச் சாய்ப்பாரு" என்றாள் கொழுந்து பறிக்கும் மாரியாயி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "படம் பார்க்கவும் படிப்பு வேணும் போல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் விடவில்லை.

"எங்க லயத்து வீடுகள்ல யார வேணும்னாலும் கேளுங்கய்யா."

அடுத்த படத்தன்று, அவள் தவறை அவளுக்கே காட்ட நாற்காலியை விட்டு எழுந்து துணிக்குப் பின்னால் போனேன். முன்பக்கம் தோட்டத்துரைக்கும் எங்களைப் போன்ற உத்தியோகத்தருக்கும் உரியது. தொழிலாளர்கள் பின்னால்தான் ஈரத் தரையில் உட்காருவார்கள்.

"இப்பப் பாரு, எந்தக் கைன்னு" என்றபடி நிமிர்ந்தேன். கதாநாயகன் வாளை உருவினான். இடது கையால்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணியின் பின்பக்கத்தில் எல்லாமே இடம் வலமாக மாறித் தெரிந்தது. இத்தனை வருடம் இவர்கள் பார்த்த படம் இதுதான். அதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

மாரியாயி சிரிக்கவில்லை. "ஏங்கய்யா, அந்தப் பக்கம் வேற மாதிரியா தெரியுது?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் அவர்களோடு உட்கார்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் நாற்காலிக்கே போனேன். இன்றும் எந்தக் கதாநாயகன் வாளை உருவினாலும், அவன் வலது கையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.