முன் வரிசையில் ஒரு சிரிப்பு

நாடகம் தொடங்க இருந்த நேரத்தில் கரண்ட் போனது. யாங்கோனில் அது அதிசயமில்லை. முருகா என்று ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சரில் விளக்கு எரிந்தது. கோயில் திருவிழா, கல்யாணம் என்று மைக் செட் போட்டே எனக்கு வயசாகிவிட்டது. ஆனால் பசுந்தாங் மண்டபத்தில் அன்று செய்த வேலை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்து கிரேக்க நாட்டுக் கேலி நாடகம் அது. காலேஜில் பாடம் சொல்லும் சயாமா நம் வார்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியிருந்தார். ஒத்திகையில், பர்மா மரியாதைக்கு என் பேருக்கு முன்னால் 'ஊ' சேர்த்து, எனக்கும் விளக்கினார். "அங்கே சாமி திருவிழாவிலதான் இது நடக்கும், ஊ வேலு. ஊரை ஆள்றவங்க முன்னால உட்கார்ந்திருப்பாங்க. அவங்க பேரைச் சொல்லியே கேலி பண்ணுவாங்க. ஒரு தலைவர் கோபப்பட்டு வழக்குகூடப் போட்டார். அப்புறமும் அவரை விடலை."

"சாமி காரியத்திலயா, சயாமா?"

"சாமி காரியத்திலதான். ஊரே சேர்ந்து சிரிக்கும். அப்புறம் யாரைன்னு பிடிக்கிறது?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோமாளி வேஷம் போட்டவன் மாரி. வார்டு ஆபீஸ் எதிரே வெற்றிலைக் கடை வைத்திருப்பவன். அந்தக் கடை இருப்பதும் போவதும் வார்டு தலைவர் கையில். அவரைத்தான் சயாமா முன் வரிசைக்கு அழைத்திருந்தார்.

சட்டையில் காலர் மைக்கைக் குத்தும்போது மாரியின் நெஞ்சு அடிப்பது என் ஹெட்போனில் கேட்டது.

"பயமா இருந்தா தலைவரைப் பத்தின அந்த வசனத்தை விட்டுடுறா."

"போங்கண்ணே. ஊரே சிரிக்கிறப்ப என்னை மட்டும் என்ன பண்ணிடுவாங்க?"

நாடகத்தின் நடுவே மாரி மேடை ஓரத்துக்கு வந்து, தலைவரை நேராகப் பார்த்துச் சொன்னான்: "எங்க தலைவர் வீட்டுல இருட்டே கிடையாது. ஏன் தெரியுமா? ஊர் இருட்டு மொத்தத்தையும் நமக்கே விட்டுக்கொடுத்துட்டார். தங்கமான மனசு!"

தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பின்னால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது என்ன சிரிப்பு என்று தெரியாமல் எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ சரி பார்ப்பவன் போல மிக்சரில் குனிந்துகொண்டேன். மாரி அடுத்த வரி மறந்து நின்றான்.

போகும்போது தலைவர் அவன் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் பேசினே, கோ மாரி. ஆனா பாரு, உன் ஆளுங்களுக்கே பிடிக்கலையே."

கடையை யாரும் தொடவில்லை. மாரிதான் பிறகு மேடை ஏறவில்லை. ஒருநாள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டான்: "அவர் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேண்ணே. நீங்கள்லாம் எங்கே போனீங்க?"

மடித்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

கூட்டத்துக்கு மேலே தொங்கவிட்ட மைக்கில் எடுத்த ரெக்கார்டிங் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வசனம் முடிந்ததும் ஒரே ஒருவர் சிரிக்கிறார். அப்புறம் என் ஜெனரேட்டர் சத்தம்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாரே, பேசுகிறவன் குரலை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் கொடுக்கலாம். அது மட்டும் அவனுக்குப் போதாது. உங்களுக்காக ஒருவன் மேடையில் நின்று பேசினால், கை மிக்சரில் இருந்தாலும் வாய்விட்டுச் சிரித்துவிடுங்கள்.