கோலத்துக்குப் போன பரங்கிப்பூ

பரங்கிப் பிஞ்சை ஆள்காட்டி விரலால் சுட்டக் கூடாது, சுட்டினால் அழுகிவிடும் என்பார்கள். விரலை மடக்கிக்கொண்டுதான் காட்ட வேண்டும். தாம்பரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இதற்கு அப்பீலே கிடையாது.

எண்பதுகளின் கடைசி அது. கணவருக்கு மறைமலை நகரில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலெல்லாம் நானும் மாமியாரும். பி.காம். பட்டம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமைக் கோயிலைத் தவிர எனக்கு வெளியே போக ஒரு காரணமும் கிடையாது. மூன்றாவது வருடமும் குழந்தை உண்டாகாததால் வளைகாப்பு, காதுகுத்து என்று எதற்கும் என்னைக் கூட்டிப் போவதில்லை. மிச்சமிருந்தது கிணற்றடிக்குப் பின்னால் கொஞ்சம் மண்தான். அங்கே நிற்கும்போது மட்டும் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

புரட்டாசிக் கடைசியில் பரங்கி விதை ஊன்றினேன். எங்கள் பக்கத்து மழைக்குப் பள்ளத்தில் விதைத்தால் ஐப்பசியில் விதை மிதக்கும். அதனால் செங்கல் அடுக்கி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கொட்டி மேடு கட்டினேன். ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினேன். கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும். இலையில் அசுவினிப் பூச்சி அப்பியபோது வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். கார்த்திகை முடிவதற்குள் கொடி மதிலேறிவிட்டது.

மார்கழியில் பூத்துக் குலுங்கியது. மாமியார் இருட்டோடு எழுந்து, வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டைகளில் பரங்கிப்பூவைச் செருகுவார். பறிப்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அடியில் பிஞ்சு உள்ள பூவைத் தொடமாட்டார். நீளக் காம்போடு வெறுமனே நிற்கிற பூவை ஒன்றுவிடாமல் பறித்துவிடுவார். காய்க்காத பூ கொடியில் எதற்கு என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருவிலேயே எங்கள் வாசல்தான் மஞ்சளாக ஜொலித்தது. பின்னாலோ, பிஞ்சுகள் எலுமிச்சை அளவுகூட வராமல் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, எங்கே பிஞ்சு என்று கேட்டார். மறந்துபோய் விரலை நீட்டிவிட்டேன், மாமியார் பார்த்துவிட்டார். அந்தப் பிஞ்சும் அழுகியதும் தீர்ப்பு வந்துவிட்டது.

"உன் கை பட்டா எதுவும் தங்க மாட்டேங்குது. இனிமே கொடிப் பக்கம் போகாதே" என்றார் மாமியார்.

கொடியை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாதா? பின்பக்கம் குளிக்கப் போகலாம், துணி துவைக்கலாம், அதோடு சரி. அடுப்படி, கூடம், வாசல் கேட். மறுபடி கூடம், அடுப்படி. மின்சார ரயில் போகிற சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாதம்தான், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தை விஷயமாக நான் போய்ப் பார்த்த டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த தடவை கணவரைக் கூட்டி வா, அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். கணவரிடம் சொன்னேன். தனக்கு என்ன கேடு என்று கேட்டார். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவைக்காதே என்றும் சொன்னார். நானும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் மாதிரி இருந்துவிட்டேன். தெரு என்னை மலடி என்று தாராளமாகப் பேசியது.

ஒரு மாலை வானொலி விவசாய நிகழ்ச்சியில் பரங்கியைப் பற்றிப் பேசினார்கள். பிஞ்சோடு இருப்பது பெண் பூ. நீளக் காம்புப் பூ ஆண் பூ. மழையிலும் பனியிலும் வண்டு வராது. ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தடவ வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள். அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றேன். காய்க்காத பூ என்று தினமும் வாசலுக்குப் போனது எது என்று புரிந்தது.

ஆனால் மார்கழியில் கோலத்துக்குப் பூ வேண்டாம் என்று எந்த மருமகள் சொல்ல முடியும்? நான் திருடினேன். மாமியார் கோலத்தை முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனதும், சாணி உருண்டையிலிருந்து ஒரு பூவை உருவி, குளிக்கிற வாளிக்குள் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோனேன். வாசலில் பூ குறைந்ததற்குத் தெருமாடுதான் திட்டு வாங்கியது. அந்த ஆகாத கையால்தான் இதழைக் கிழித்து, பெண் பூவுக்குள் தடவினேன்.

பிஞ்சு நின்றது. ஒன்றல்ல, மூன்று. நான் கொடிப் பக்கம் போகாததால்தான் காய்த்தது என்று மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். நானே வளர்த்த காய் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் காயை அறுத்துப் புளிக்குழம்பு வைத்தேன். அம்மாவும் பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தார்கள். காய் தித்திக்கிறது என்ற மாமியார், "பாத்தியா, இவ கை படாம இருந்ததும் எப்படி நின்னுது" என்று மகனிடம் சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"என் கை பட்டுத்தான் நின்னுது அத்தை. நீங்க பறிச்சுட்டு இருந்தது ஆண் பூ. கோலத்துலேர்ந்து எடுத்துட்டுப் போய் நான்தான் தடவினேன். அது இல்லாம பிஞ்சு நிக்காது. டாக்டரம்மாவும் எனக்குக் குறை இல்லைன்னு சொல்லிட்டாங்க. இவரை டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க. இவர் வர மாட்டேங்கறார்."

மாமியார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "அப்படியாடா சொன்னாங்க?"

என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"குழம்பு ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.