பச்சைத் தொப்பிக்காரரின் கடற்கரை

ஆக்லாந்தில் சொந்தமாகப் படகு வாங்கிய முதல் தமிழன் நான்தான். இல்லை என்பவர் இருந்தால் வந்து சொல்லட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அங்கே மனுரேவாப் பகுதியில் பெட்டி தூக்கி, பிறகு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய படகு அது. பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டியதும் நானே. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மீன் பிடிக்க என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வாங்கியது என் மனைவிக்காக. மன்னார்க் கடலில் என்னைவிட நன்றாக நீந்தியவள் அவள். இங்கே வந்த பிறகு அவளுடைய கைகளிலும் கழுத்திலும் வெண்படை பரவத் தொடங்கியது. தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு நாள் தேவாலயத்தில் பூசை முடிந்து அவள் வடைத் தட்டை நீட்டிய கையைப் பார்த்து ஒரு பெண் கையை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கோடையிலும் நீளக் கைச் சட்டைதான். கடற்கரைக்குப் போனால் காரை விட்டு இறங்க மாட்டாள். ஆளில்லாத ஒரு கரையைத் தேடிப் பிடித்து இவளைத் தண்ணீரில் இறக்காவிட்டால் நான் என்ன மனிதன் என்று நினைத்தேன்.

தேடிப் பிடித்தேன். மீனுக்குப் போகும்போது தூரத்தில் பார்த்து வைத்திருந்த சின்னத் தீவு. அதன் பின்பக்கம் வெள்ளை மணல். வீடு இல்லை, ரோடு இல்லை. ஒரு சனிக்கிழமை இடியப்பத்தையும் மீன் பொரியலையும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

கரையை நெருங்கியபோது அலை படகைப் பக்கவாட்டில் தள்ளியது. மரத்தடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். தலையில் பச்சைத் தொப்பி. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் தொப்பியையே பார்த்து நன்றி சொன்னேன். அதன் விளிம்பில் இருந்த தையல்கூட இன்றைக்கும் நினைவிருக்கிறது. இங்கே உடுப்போடும் குளிக்கலாம், இல்லாமலும் குளிக்கலாம், முன்பக்கப் படகுத்துறையில் காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் பலகை இருக்கிறதே என்றார். கடலால் வந்தவனுக்குப் பலகை எங்கே?

அப்போதுதான் பார்த்தேன். மரத்தடிகளில் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"இஞ்சாரும், அந்தப் பக்கம் பாராதையும். இப்பவே போவம்," என்றேன்.

"ஆளில்லாத இடம் எண்டு சொன்னீங்கள்."

"தூரத்தில நிண்டு பாக்கேக்க ஒருநாளும் ஆக்கள் இருக்கேல்லையப்பா."

"உடுப்பில்லாத இடம் எண்டதை மட்டும் சொல்ல மறந்துபோனீங்கள்," என்று சொல்லிச் சிரித்தாள். கடற்கரையில் அவள் சிரித்துப் பல காலம்.

அந்த நேரம் வயதான ஒரு பெண்மணி தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். வயிற்றின் குறுக்கே நீளமான ஆபரேஷன் தழும்பாம். இது மனைவி பிறகு சொன்னது, நான் தொப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தழும்பை மறைக்க அவருடைய கை போகவேயில்லையாம். தண்ணீர் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். படகின் விளிம்பைப் பிடித்திருந்த மனைவியின் வெண்படை படர்ந்த விரல்களில் அவருடைய பார்வை ஒரு கணமும் நிற்கவில்லையாம்.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றாள் மனைவி.

பையின் அடியிலிருந்து ஒரு பழைய பூப்போட்ட சீத்தைத் துணியை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. மரத்துக்குப் பின்னால் போய், கிணற்றடியில் குளிக்கும் பெண்கள்போல நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். தோள், கை, கழுத்து எல்லாம் வெயிலில்.

எனக்குத்தான் பதற்றம். "எல்லாரும் பாக்கப் போகினம்," என்றேன்.

"என்னை ஆர் பாக்கினம்? உங்களைத்தான் பாக்கினம். சப்பாத்தோட நிக்கிறீங்கள்."

ஒரு இடத்திலும் நிற்காமல் தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு வந்ததும் பாய்ந்தாள். துணி முதுகில் ஊதி நிற்க, தூரத்துப் பாறை வரைக்கும் நீந்திப் போய், அதைத் தொட்டுத் திரும்பிக் கையை உயர்த்தினாள். அந்தக் கையில் எது வெள்ளை, எது கறுப்பு என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றினேன். சட்டையையும் கழற்றினேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு அவள் நீளக் கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தக் கோடை முழுக்க, வெள்ளிக்கிழமை ஆனால் "படகுக்குப் பெற்றோல் அடிச்சாச்சோ?" என்று கேட்டவள் அவள்தான். எந்தக் கரை என்று நம்மவர்கள் பலர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். கண்டுபிடித்தவன் நான். சொல்ல மாட்டேன்.