கேக்காதே சாரின் ஒரே கேள்வி

ஒருவன் என்ன செய்தான் என்று கேட்காமலேயே அவனைத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்று நம்பி அதையே தொழிலாகச் செய்த ஒருவர் இருந்தார். சிறையில் நலன் அலுவலர். அவருடைய கேட்காமை மரியாதையா, பயமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. புண்ணைத் தொடாதவனை மென்மையானவன் என்கிறோம். கை நடுங்கித்தான் தொடவில்லையோ என்று யாரும் பார்ப்பதில்லை.

கைதிகள் அவருக்கு வைத்த பெயர் 'கேக்காதே சார்'. சமூகப்பணி படிக்கும் கல்லூரி மாணவர்கள் அவரிடம்தான் பயிற்சிக்கு வருவார்கள். பையைக்கூட இறக்கி வைக்க விடாமல் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன பண்ணிட்டு உள்ள வந்தேன்னு கேக்காதே. ஃபைலைத் தொடாதே. சாப்பிட்டியா, தூக்கம் வருதா, இதைக் கேளு. மிச்சத்தை அவனே கொண்டு வருவான்."

"கொண்டு வரலைன்னா சார்?"

"வரலைன்னா உனக்கென்ன நஷ்டம்? நீ என்ன போலீஸா?"

இன்னொரு விதியும் உண்டு. "இனிமே ஒருத்தனை அடிக்கப் போறேன்னு சொன்னா ஓடி வந்து எங்கிட்ட சொல்லு. ஏற்கெனவே நடந்ததைச் சொன்னா அது அவனோட சொத்து. அவனைக் கேக்காம எடுத்து யாருக்கும் குடுக்கக் கூடாது."

வார்டர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏன் சார், வீட்டுச் சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாலும் கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேன். நானே எந்திரிச்சுப் போய் எடுத்துப் போட்டுக்குவேன்."

கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டில் அவரும் தம்பி மனைவியும்தான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஒரு மழை நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஏதோ ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. அங்கேயே இறந்துபோனான். போலீஸார் தேடினார்கள், கிடைக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். அவன் போட்டிருந்த மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதன் முதுகில் ரேடியம் டேப் ஒட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். முதலில் ஒட்டியது கோணலாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்டக் குறுக்கே இன்னொன்று ஒட்டினார். பெரிய பெருக்கல் குறி போல ஆகிவிட்டது. "என்னண்ணே, என்னைத் தப்புன்னு போட்டு அனுப்புறியா?" என்று தம்பி சிரித்தானாம்.

தம்பி மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் நின்றதுமே அவள் கேள்வி வந்துவிடும்.

"மாமா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"அங்க எத்தனை டிரைவருங்க வந்து போறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன? தூக்குல போடவா சொல்றேன்? கடைசியா அவர் ஏதாவது சொன்னாரான்னு தெரியணும். அவ்வளவுதான்."

அவர் முகம் கழுவப் போய்விடுவார். கேட்பதை அவள் ஒரு நாளும் நிறுத்தவில்லை, அவர் ஆரம்பிக்கவும் இல்லை. வேலையில் நல்ல பெயர் வாங்கித் தந்த அதே குணம் வீட்டில் ஒருத்தியைப் பட்டினி போட்டது. இதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு முறை பயிற்சிக்கு வந்தவள் ஒரு துடுக்கான மாணவி. எல்லா மாணவர்களையும் போல அவளையும் அவர் 'காலேஜ்' என்றுதான் கூப்பிடுவார். அவளிடம் ஒப்படைத்த கைதி ஓர் இளைஞன். கிடங்கில் டயர் திருடி உள்ளே வந்தவன் என்பதால் பட்டப்பெயரே 'டயர்'. தண்டனை முடியும் தறுவாயில் இருந்தான். வாரக்கணக்காக அவள் எதிரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்ததைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. மூலையில் ஸ்டூலில் அமர்ந்து டீ குடித்தபடி கேக்காதே சார் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று அவள் வழக்கம்போல, "தூக்கம் வருதா?" என்றாள்.

"வரலக்கா. வெளிய போறதை நினைச்சா பயமா இருக்கு. மழை பெஞ்சா என்னால ரோட்டுல நடக்க முடியாது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவனே கொண்டு வந்தான்.

"லோடு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன். லைட்டு ஒண்ணு எரியாது. மழையில ஒரு சைக்கிள்காரரை இடிச்சிட்டேன், செத்துட்டாரு. மஞ்ச ரெயின்கோட்டு. யாருக்கும் தெரியாதுக்கா, இது வரைக்கும் யாரும் பிடிக்கல. அவர் முதுகுல ரேடியம் ஒட்டியிருந்துச்சு, பெருக்கல் குறி மாதிரி. கண்ணை மூடினா அதுதான் மின்னுது."

மூலையில் டீ கொட்டும் சத்தம் கேட்டது. மாணவி திரும்பினாள். டம்ளர் சார் கையிலேயே சாய்ந்திருந்தது. சூடான டீ கால்சட்டையில் வழிந்தும் அவர் அசையவில்லை.

"எந்த ரோடு?" என்றார்.

மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையில் வந்த சாவைவிட, சார் கேள்வி கேட்டதுதான் தன்னை அதிகம் உலுக்கியது என்று பிறகு அவளே வெட்கத்தோடு சொன்னாள்.

"பழைய மில்லு தாண்டி, பாலம் இறங்குற ரோடு சார். நான் இறங்கிக்கூடப் பாத்தேன். அப்ப உசுரு இருந்துச்சு. என் சட்டையைப் பிடிச்சு ஏதோ சொன்னாரு. அவர் என்ன சொன்னாருன்னா..."

"நிறுத்து!"

ஸ்டூல் பின்னால் விழுந்தது. அவர் கை முன்னால் நீண்டிருந்தது, அறையவா தடுக்கவா என்று தெரியாதபடி. "அதைச் சொல்லாதே. எங்கிட்ட சொல்லாதே."

வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். மாணவி தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

"சார், இதை ரிப்போர்ட்ல எழுதணுமா?"

"நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"நடந்தது அவனோட சொத்துன்னு."

"அப்புறம் என்ன? எழுதாதே."

அன்று வீட்டுக்குப் போனவரிடம் தம்பி மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் வழக்கம்போல "இல்லம்மா" என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விடுதலை நாளில் டயரை வழியனுப்ப மாணவி வாசலுக்கு வந்திருந்தாள். சார் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். அவர் எந்தக் கைதிக்காகவும் வாசலுக்கு வந்ததில்லை.

"நீ சொன்ன மஞ்சக் கோட்டு என் தம்பி," என்றார்.

டயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் இந்த மனிதர் தன்னோடு எப்படிப் பேசினார், இவன் விடுதலைத் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று மாணவியால் யோசிக்கக்கூட முடியவில்லை.

"தம்பி பொண்டாட்டி வீட்டுல இருக்கா. அவ ஒண்ணு கேப்பா. நீ வரணும்னு கட்டாயம் இல்ல. பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."

டயர் வெகுநேரம் எழவில்லை. பிறகு எழுந்து வந்து ஸ்கூட்டரில் ஏறினான். பிடித்துக்கொள்ள அவனுக்கு இடம் தெரியவில்லை. கைகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

வாசலில் வந்து நின்றவனைப் பார்த்துத் தம்பி மனைவி, "பேண்ட்டு இன்னும் தைக்கலப்பா, நாளைக்கு வா," என்றாள். அவன் போகவில்லை. அவன் கண் கதவுக்குப் பின்னால் ஆணியில் நிலைத்திருந்தது. அவள் அவனைப் பார்த்தாள், மழைக்கோட்டைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் வழியே, தெருவில் ஸ்கூட்டர்மீது வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மாமாவைப் பார்த்தாள். மிஷினில் இருந்த காலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. துணி இல்லாமலே ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் காலையில் இருவரும் காவல் நிலையத்துக்கு நடந்து போனார்கள், அவள் முன்னால், அவன் பின்னால். டயர் மறுபடி உள்ளே போனான். விடுதலையான கைதியை வீட்டுக்கு அழைத்துப்போனதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. கேக்காதே சார் கொடுக்கவில்லை. அவரைப் பண்டகசாலைக்கு மாற்றினார்கள். அதன்பின் மாணவர்கள் யாரும் அவரிடம் பயிற்சிக்கு வரவில்லை.

இப்போதும் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. அவள் எதுவும் கேட்பதில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தம்பி கடைசியாகச் சொன்ன சொல் இப்போது அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அவளே ஒரு நாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

அவர் முகம் கழுவப் போனார். இன்றுவரை கேட்கவில்லை.