பூஜையன்று அணைந்த கம்ப்யூட்டர்

உமேஷ் குடியிருந்தது மதுரை காமராஜர் சாலைக்குப் பின்னால், சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் எங்கள் தெருவில். விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பது தொழில். எடுத்ததை வெட்டி ஒட்டி மிக்சிங் செய்வதற்கும், வேலை இல்லாதபோது கார் பந்தயம் விளையாடுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல கம்ப்யூட்டருக்கு ராம் ஏத்திக்கிறேன்" என்பான். வீட்டில் அவனும் அவன் அம்மா சூடாமணியும் மட்டும். அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

2002 ஆவணியில், எழுமலை விவசாயி காசிமாயன் வீட்டுக் காதுகுத்தை உமேஷ் எடுத்தான். காசிமாயனின் தந்தை மொக்கையன் பந்தலில் மைக்கைப் பிடித்து, வந்தவர்களை முறை சொல்லி ஒவ்வொருவராக வரவேற்றார். படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, அதே கேசட்டுகளில் பரவையில் ஒரு நிச்சயதார்த்தத்தை எடுத்துவிட்டான். தொழிலில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

புரட்டாசியில் மொக்கையன் இறந்துபோனார். காசிமாயன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, கருமாதிக்குள்ள அந்தப் படத்த முடிச்சுக் குடுத்துரு. அம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. அவரு கொரலயாச்சும் கேக்கணும்னு ஒக்காந்திருக்கு. விஜயதசமி அன்னைக்குக் காலைல வாரேன்."

கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 98. நீளமான வீடியோவை ஒரே ஃபைலாக வைக்க விடாது. பாதி வேலையில் உறைந்தும் போகும். உதிரி பாகங்கள் விற்கும் நண்பன் கிரிதரனிடம் ஓடினான்.

"98-ல ஒன் காரு ஓடும், மிக்சிங் படுத்துரும். விண்டோஸ் 2000 போட்டா மிக்சிங் ஓடும், காரு நொண்டும். எக்ஸ்பி போடு மாப்ள, ரெண்டும் ஓடும். ராமும் புது வீடியோ கார்டும் மாட்டிக்க" என்றான் கிரிதரன்.

"டிஸ்க்கு?"

"பெரிய ஃபைல் நிக்க டிஸ்க்க மட்டும் எக்ஸ்பி முறைக்கு மாத்தணும். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். ஆனா மாத்தும்போது கரண்டு போச்சுன்னா நான் பொறுப்பில்ல. படத்த வேற எங்கயாச்சும் எடுத்து வச்சிட்டு ஆரம்பி."

"அம்புட்டுப் படத்துக்கும் எடம் எங்கடா இருக்கு? யூ.பி.எஸ். இருக்குல்ல, பாத்துக்கலாம்."

"காரு ஓட்டணும்னு கை அரிக்குது ஒனக்கு."

உமேஷ் சிரித்தான். கிரிதரன் சிரிக்கவில்லை.

எக்ஸ்பி ஒழுங்காக ஏறியது. ஆயுத பூஜையன்று காலை டிஸ்க்கை மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு, திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பொரிகடலை வாங்க விளக்குத்தூண் பக்கம் போனான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வீட்டில் பூஜைக்கு முன் எல்லாக் கருவிகளையும் ஓயவைத்துவிடுவார்கள். சூடாமணி தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தார், கேமராவுக்கு வைத்தார், கம்ப்யூட்டரிடம் வந்தார். திரை இருட்டாக இருந்தது. பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மகன் அணைக்க மறந்துவிட்டான் என்று யூ.பி.எஸ்ஸையும் சுவிட்சையும் அணைத்தார். பெட்டியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூச்சூட்டினார்.

திரும்பி வந்த உமேஷுக்கு வாசலிலேயே அந்த அமைதி உறைத்தது.

"யாரு அணைச்சது?"

"நான்தான். சாமி கும்பிடுறப்ப அது மட்டும் கொரட்டை விடணுமா?"

அவன் கை சுவிட்சை நோக்கிப் போனது.

"பொட்டு வச்சாச்சு, தொடாதே. நாளைக்குக் காலைல பூஜை முடிஞ்சதும் எடு."

அவன் எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆனால் அம்மாவின் தடை அவனுக்கு உதவியாகவே இருந்தது. போடாதவரை மொக்கையன் உள்ளே இருக்கிறார். போட்டுப் பார்த்து இல்லையென்றால்? தொலைபேசி அடித்தபோதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போனான். காசிமாயன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதை நினைக்க நினைக்கப் பயம் கூடியது.

விஜயதசமியன்று அவன் சுவிட்சைத் தொடுமுன்பே காசிமாயன் வந்துவிட்டார். மழித்த தலை, தோளில் வெள்ளைத் துண்டு. உமேஷ் நடந்ததை மறைக்காமல் சொன்னான்.

"போடு, பாப்போம்" என்று மட்டும் சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிஸ்க்கைச் சரிபார்ப்பதாகத் திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. கடைசியில் ஃபைல்கள் தெரிந்தன. முதலாவது திறந்தது: பந்தல், வாழைமரம், மாமன் சீர். இரண்டாவதில் பிள்ளைகளின் அழுகை. மூன்றாவதுதான் வரவேற்பு. உமேஷ் மவுஸை அதன் மேல் நகர்த்தினான். அழுத்தினான். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். ஃபைலின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"கேசட்டு இருக்குமே?"

"அது மேல வேற எடுத்துட்டேன்ணே."

"யாரு விசேசம்?"

"பரவையில ஒரு நிச்சயதார்த்தம்."

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, அவுகளாச்சும் நல்லா இருக்கட்டும்."

வாசலில் நின்றிருந்த சூடாமணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கெளம்பு தம்பி."

"எங்கண்ணே?"

"ஊருக்கு. எங்கம்மாகிட்ட இத நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

உசிலம்பட்டியில் பஸ் மாறி எழுமலை போனார்கள். உமேஷ் என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே வந்தான், ஒன்றும் நிற்கவில்லை. வீட்டு முற்றத்தில் மொக்கையனின் மனைவி அன்னக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரின் காலடியைக் கேட்டதும் முகத்தை உயர்த்தினார்.

"படக்காரத் தம்பியா? வாய்யா. அவரக் கொண்டாந்துட்டியா?"

உமேஷ் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவர் கையை நீட்டி அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா" என்று ஆரம்பித்தான்.