டிபன் டப்பாவில் கொண்டுபோன மண்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவது தொழில், கவலைப்படுவது பிறவிக்குணம். கேஸை மூடினோமா என்று துறைமுகம் வரை போய்விட்டு வண்டியைத் திருப்புகிற ஆள். அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒருநாள், வீட்டுப் புறவாசலில் இருந்த டீசல் பேரலின் குழாயைச் சரியாகத் திருகாமல் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், என் மனைவி வளர்த்த பிச்சிக்கொடியின் வேரடியில் குளம் மாதிரி டீசல்.

பத்து நாளில் கொடி கருகியது. அவள் கடையில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதே இடத்தில் மறுபடி பிச்சி நிற்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் அங்கே புல்கூட முளைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓலைக்கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்க்கும் மதினியிடம் போய்ப் புலம்பினேன். சொந்தம் இல்லை, தெருவுக்கே அவர் மதினி. காளான் எடுத்து முடித்த வைக்கோல் பைகளைத் தூக்கிக் கொடுத்தார். உள்ளே வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருந்தது. மரத்தையே தின்கிற சாதி அது, டீசலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்று காளான் வளர்ப்புப் பயிற்சியில் சொன்னார்களாம்.

"மண்ணோட பெரட்டி, நனஞ்ச சாக்கப் போட்டு மூடுங்க அண்ணாச்சி. காயவிடாதீய. காளான் மொளச்சா வாயில வச்சிராதீய. பெறவு சும்மா இருக்கணும், அம்புட்டுதான்."

அந்தக் கடைசி வேலைதான் எனக்கு வராது. தினமும் இரண்டு தடவை சாக்கைத் தூக்கிக் கிளறினேன். ஒருநாள் மதினியிடம் கையும் களவுமாக மாட்டினேன்.

"பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு, தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு தட்டிக் கேப்பீயளா?"

அதன்பிறகு தண்ணீர் தெளிப்பதோடு நின்றேன். மார்கழியில் சாக்கின் ஓரம் சாம்பல் நிறத்தில் ஒரு காளான், காதுமடல் மாதிரி எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறு நிமிடம், ஆடு வந்து தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கம்பிவலை தேடி ஓடினேன்.

மாசியில் சாக்கை எடுத்தபோது மண் பிசுபிசுப்பு போய் உதிரியாக இருந்தது. வாடை போய்விட்டதா? அதுதான் தெரியவில்லை. முப்பது வருடமாக டீசலில் ஊறிய மூக்கு எனக்கு. மனைவி சாத்தான்குளத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பொறுக்க முடியாமல் ஒரு பிடி மண்ணை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

"மோந்து பாருங்க அண்ணாச்சி."

கடைக்கார அண்ணாச்சி டப்பாவைப் பார்த்து, "இட்லியாக்கும்னு நெனச்சேன் வே," என்று குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். "நல்லா டீசல்தான்."

பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் நீட்டினேன். நாலு பேரும் டீசல் என்றார்கள். "போற போக்குல படகுக்கு ஊத்திரும்வே," என்று ஒருவர் சிரித்தார்.

மனைவி வந்தபோது புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"டப்பாவ யாரு நீட்டுனா?"

"நாந்தான்."

"மண்ண அள்ளுனது?"

"அதும் நாந்தான்."

என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கரண்டியால் மண்ணை அள்ளி, என்னைவிட்டு நாலடி தள்ளிப் போய் முகர்ந்தாள்.

"காளான் வாடதான் வருது. டீசல் மண்ணுல இல்ல, ஒங்க கையில இருக்கு. கடையில எல்லாரும் ஒங்களத்தான் மோந்து பாத்திருக்காவ!"

வாடை போனால் போதுமா, வேர் பிடிக்குமா என்று நான் ஆரம்பித்தேன். அவள் ஒரு கை வெந்தயத்தைக் கொண்டுவந்து தூவினாள். ஐந்தாம் நாள், இடைவெளி இல்லாமல் பச்சை. செத்த மண்ணில் முளைத்ததை எண்ணிப் பார்க்க மண்டியிட்டேன். எண்ண முடியவில்லை.

அப்போதுதான் குளியலறை வாளியில் ஈரத்துணி சுற்றி நின்ற வேர்விட்ட பிச்சிக் கொம்பை எடுத்துவந்தாள். சாத்தான்குளத்திலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள், மண்ணை முகர்ந்து பார்ப்பதற்கு முன்பே.

நட்டுவிட்டு, "வேர் புடிச்சிருக்கான்னு தோண்டிப் பாத்தீயன்னா இருக்கு," என்றாள்.

தோண்டவில்லை. இன்று அவள் தலையில் இருப்பது கடைப்பூ இல்லை. கொடி இப்போது கூரைமேல் ஏறிவிட்டது. ஓடு கனம் தாங்குமா என்று பார்க்க ஏணி வாங்கி வந்திருக்கிறேன்.