சீதாலெட்சுமி அக்காவின் செர்ரி மரம்

சீதாலெட்சுமி அக்காவுக்குப் பணிந்து போகத் தெரியாது. கல்யாணமான மூன்றாம் வருஷம், கை நீட்டிய புருஷனைப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டவர். அதன்பிறகு இருபத்தெட்டு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில், கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஓய்வு பெற்ற அன்று கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாசலில் நின்ற கார்டிடமே கொடுத்துவிட்டு வந்தார். "மணி பாத்தது போதும்லா" என்றாராம்.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் மூலை வீடு அவருடையது. பக்கத்து வீடு என்னுடையது. ஓய்வு பெற்ற மறுவாரமே என்னை இழுத்துக்கொண்டு சுங்கை பூலோ செடிக் கடைகளுக்குப் போனார். கடைக்காரர் காகிதப்பூச் செடியை நீட்டினார்.

"பழம் வருமா?"

"பூதான் ஆன்டி. அழகா இருக்கும்."

"அழக வச்சுக் குருவி என்ன பண்ணும்? திங்கிறதுக்கு என்ன இருக்கு, அதக் காட்டு."

கடைக்காரர் திருதிருவென்று முழித்தார். அக்காவின் திட்டம் இதுதான்: பழம் குருவியின் வாய்க்குள் அடங்க வேண்டும், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பழுக்க வேண்டும். வேலிக்குள் செண்டுடுக் புதர் வைத்தார். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். பக்கத்தில் கறிவேப்பிலை. தெருவே அதில் இலை பறித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இலை நன்றாகத் தழைக்கட்டும் என்று நாங்கள் பூங்கொத்தைக் கிள்ளுவோமே, அதற்குத்தான் இடமில்லை. "இலை உனக்கு, பழம் குயிலுக்கு. பூவுல கை வச்ச, அப்புறம் ரசத்துக்கு பாசார்லதான் வாங்கணும்" என்று என்னையே மிரட்டினார்.

வேலிக்கு வெளியே, சாக்கடையோரப் புல்தரையில், செர்ரி. கேக்கில் வைக்கிற செர்ரி அல்ல. நம் ரோட்டோரங்களில் தானாக முளைக்குமே, கொண்டைக்கடலை அளவுச் சிவப்புப் பழம், அது. அதைக் காசு கொடுத்தா வாங்குவது என்று பாலத்தடியிலிருந்து கன்றைப் பிடுங்கி வந்து நட்டார்.

மூன்று வருஷத்தில் மரம் நன்றாகப் படர்ந்துவிட்டது. கொண்டைக்குருவி, மைனா, முதுகில் சிவப்புப் பட்டை போட்ட கட்டைவிரல் அளவுக் குருவி என்று ஒரே கூச்சல். காலை ஏழு மணிக்கெல்லாம் அக்கா வாசலில் உட்கார்ந்துவிடுவார். "இருபத்தெட்டு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல இருந்தேன். இப்ப பாக்கிறேன், எவன் தடுப்பான்?" என்பார்.

தடுக்க ஓர் ஆள் வந்தார். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் நாகையா. நிழலுக்காகத் தன் வெள்ளைக் காரைச் செர்ரிக்கு அடியில் நிறுத்துவார். எச்சம் விழுந்தால் கத்துவார். நிழல் வேண்டுமாம், பறவை வேண்டாமாம்! கடைசியில், மரம் நிற்பது பொது இடம், சனிக்கிழமை வெட்டிவிட்டு அழகுப் பனை நடப்போகிறோம் என்று கடிதம் அனுப்பினார்.

"நாற்காலி போட்டு மரத்தடியில உக்காருவேன். என்னையும் சேத்து வெட்டட்டும்" என்றார் அக்கா.

எனக்குத்தான் பயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, மரத்தில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தினேன். மஞ்சள் துணி கட்டின மரத்தை நம்மில் எவன் தொடுவான்? மறுநாள் வெட்ட வந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான். "வேற ஆளப் பாருங்க பாஸ்" என்று நாகையாவிடம் சொல்லிவிட்டு லோரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரே மாதத்தில் தெருக்காரர்கள் அம்மனுக்குச் செங்கல் மேடை, சூலம், தகரக் கூரை எல்லாம் வைத்துவிட்டார்கள். கூரைக்கு இடைஞ்சல் என்று பழக் கிளைகளை ஒடித்துப் போட்டார்கள். எந்நேரமும் கற்பூரப் புகை. நாகையாவே மகளுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கேட்டுத் தேங்காய் உடைத்தார், இடமும் கிடைத்துவிட்டது. மரம் பிழைத்தது. ஆனால் ஒரு குருவிகூட வரவில்லை.

"நீதானே கட்டின?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. காலியாக இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை, கும்பல் கூடியிருக்கும்போதே போய்த் துணியை அவிழ்த்தார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அம்மா கோவிச்சுக்குவாக்கா!" என்று நாகையா பதறினார்.

"கோவம் வந்தா என் மேல வரட்டும். நானும் அவளக் கும்பிடுறவதான், கோயில்ல. இங்க அவள வாட்ச்மேன் வேலைக்கு நிறுத்தினது நாமதான்."

சூலத்தைப் பிடுங்கிக் கழுவி, கோயிலில் சேர்ப்பதற்காகப் புதுத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிறகு நாகையாவிடம் திரும்பினார்.

"இப்ப இது வெறும் மரம். வெட்டுறதுன்னா ஆளக் கூப்புடு."

ஒரு போன் போதும், மரம் போய்விடும். நாகையா போனை எடுத்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எப்படிக்கா? நான் தேங்கா ஒடச்ச எடம். இருந்துட்டுப் போகட்டும்லா."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்கா விடவில்லை.

"அது ஆவாது. நாளைக்கு வர்ற தலைவரு தேங்கா ஒடைக்கலேன்னா வெட்டுவாரு. எதுக்கு வெட்டக்கூடாதுன்னு எழுதிக் குடு."

"என்னன்னு எழுதுறது?"

"குருவி திங்கிற மரம்னு எழுது."

"சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். எழுது."

நாகையா வீட்டிலிருந்து சங்கத்தின் லெட்டர்பேடும் முத்திரைச் சாப்பும் வந்தன. 'குருவிகள் பழம் தின்னும் மரம். வெட்டக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாப்பும் குத்தினார். அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

"என் காரு?" என்றார் நாகையா.

"வெயில்ல நிறுத்து."

அன்று சாயங்காலமே கூரையை இறக்கி, செங்கல்லைப் பெயர்த்தோம். சூலம் நின்ற குழியை நான் மூடப் போனேன். மூடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு செண்டுடுக் கன்றோடு வந்தார்.

"இதுவும் பொது எடமாச்சேக்கா" என்றேன்.

"குருவிக்கும் பொதுதான்" என்று சொல்லி, கன்றைக் குழியில் இறக்கி மண்ணை மிதித்தார்.